திமிர் குதிரைக்கா, குறை லாயத்திலா?

“கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்” என்று மனிதர்களைக் குத்திக்காட்டக் குதிரையை வம்புக்கு இழுப்போம். குதிரை வளர்ப்பவர்கள் பலரிடமும் இதே எண்ணம் ஊறிக் கிடக்கிறது. சேணம் பூட்டும்போது கடிக்க வந்தால் திமிர், சவாரியில் துள்ளினால் கொழுப்பு, மரச்சட்டத்தைக் கவ்வினால் கெட்ட பழக்கம். இப்படித் தீர்ப்பு எழுதிய பிறகு சாட்டைதான் மிச்சம். ஆனால் குதிரைகளின் நடத்தை பற்றிக் கடந்த 30 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. குதிரை என்ன தின்கிறது, எத்தனை மணி நேரம் தின்கிறது, எவ்வளவு நேரம் வெளியே உலவுகிறது என்ற மூன்றையும் சரிசெய்யாமல் அதன் குணத்தைப் பழிப்பது நியாயமல்ல.

நம்பிக்கை 1: தானியம் நிறைய வைத்தால் தெம்பும் வரும், குதிரையும் அடங்கும்.

உண்மை: தானியம் தெம்பு தரும், அமைதி தராது. திறந்தவெளியில் வாழும் குதிரை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மேய்கிறது. அதன் இரைப்பை சிறியது. தீவனம் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கச் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். ஒரு கிலோ ஓட்ஸ் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும் லாயத்தில் குதிரையின் வயிறு பல மணி நேரம் வெறும் அமிலத்தோடு கிடக்கிறது. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். வார் இறுக்கும்போது கடிக்க வரும் குதிரைக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கலாம். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்து அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலையையும் கெடுக்கிறது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் தின்னும் குதிரைகள் நார்ச்சத்துத் தீவனம் தின்பவற்றைவிட எளிதில் மிரள்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கடுமையாக உழைக்கும் குதிரைக்குப் புல் மட்டும் போதுமா என்று கேட்கலாம். பல நேரம் போதாது. அதற்காகத் தானியத்தை ஒரே வேளையில் கொட்ட வேண்டியதில்லை. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளை மாவுச்சத்து 500 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இரைப்பைப் புண்ணைத் தவிர்க்கச் சொல்லப்படும் அளவு. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஓட்ஸ் வைத்தாலே இந்த அளவு வந்துவிடும். தானியத்தைப் பல வேளைகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பதிலாக எண்ணெய் சேர்த்தால் சக்தியும் குறையாது, வயிறும் தாங்கும்.

நம்பிக்கை 2: மரம் கவ்வுவது கெட்ட பழக்கம், ஒரு குதிரையைப் பார்த்து மற்றொன்றும் கற்றுக்கொள்ளும்.

உண்மை: முன்பற்களால் சட்டத்தைக் கவ்வி, கழுத்தை வளைத்து, தொண்டையில் ஒரு முக்கலோடு காற்றை உள்ளிழுக்கும் இந்தச் செயல் பார்த்துக் கற்பதல்ல. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குதிரை உரிமையாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இது பார்த்துப் பழகுவது என்றே நம்பினார்கள். ஆனால் கவ்வும் குதிரையின் அருகில் இருந்த பிறகு இதைத் தொடங்கியவை சுமார் 1 சதவீதம் மட்டுமே. இங்கிலாந்தில் 225 இளம் குதிரைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் மறந்ததும் அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் இந்தப் பழக்கம் நான்கு மடங்கு அதிக வேகத்தில் தோன்றியது. பந்தயக் குதிரைகளைப் பற்றிய 1995 ஆய்வு, நாளொன்றுக்குப் புல் 6.8 கிலோவுக்குக் கீழே போனால் இத்தகைய பழக்கங்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்றது. பந்தய இனமான தரோபிரெட்டில் இது அதிகம், ஆகவே பிறவிக் குணம்தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். பிறவிச் சாய்வு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாய்வைப் பழக்கமாக முற்றச் செய்வதில் லாயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கழுத்துப் பட்டையை இறுக்கினால் கவ்வுவது நிற்கலாம். கவ்வத் தூண்டிய காரணம் அப்படியே இருக்கும்.

நம்பிக்கை 3: வெளியே விட்டால் துள்ளிக் காலை முறித்துக்கொள்ளும், தினம் ஒரு மணி நேரச் சவாரி போதும்.

உண்மை: துள்ளலுக்குக் காரணமே அடைத்து வைத்ததுதான். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு 2 மணி நேரம் மட்டும் வெளியே விடப்பட்ட குதிரைகள், 12 மணி நேரம் விடப்பட்டவற்றைவிட அதிகமாக ஓடின, அதிகமாகத் துள்ளின. முதன்முறையாகப் பழக்கப்படுத்தும்போதும், லாயத்தில் தனியே அடைபட்டவை மேய்ச்சலில் கூட்டமாக வளர்ந்தவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டன என்கிறது 2002 ஆய்வு ஒன்று. சவாரியும் பயிற்சியும் தேவையற்ற துள்ளலைக் குறைக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சவாரியில் குதிரை நம் விருப்பப்படி நடக்கிறது. தலை தாழ்த்தி மேய்வதும், இன்னொரு குதிரையின் கழுத்தை உரசுவதும், நினைத்த பக்கம் திரும்புவதும் அதில் இல்லை. மீதி 23 மணி நேரத்துக்கு அந்த ஒரு மணி ஈடாகாது. நகரத்தில் மேய்ச்சல் நிலத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. நிலம் இல்லாத இடத்திலும் சிறு கண்ணி வலையில் புல் வைத்து மெல்லும் நேரத்தை நீட்டலாம், நாளுக்கு இரண்டு முறை கையில் பிடித்து நடத்தலாம், பக்கத்துக் குதிரையைப் பார்க்கவும் தொடவும் முடியும்படி தடுப்பை அமைக்கலாம். நெடுநாள் அடைபட்ட குதிரையைச் சிறிது சிறிதாக வெளியே பழக்கினால் அடிபடும் அபாயமும் குறையும்.

எல்லாக் குறும்பும் தீவனத்தால் வருவதில்லை. பல், முதுகு, குளம்பு வலியும் தவறான பழக்கலும் காரணமாகலாம். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் கால்நடை மருத்துவரை அழைத்து வலியைத் தேடுங்கள். அடுத்து, எடையில் 1.5 சதவீதத்துக்குக் குறையாமல் உலர்புல் கிடைக்கிறதா, புல்லில்லாமல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு தானியத்தைக் குறையுங்கள், வெளியே விடும் நேரத்தைக் கூட்டுங்கள். இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சும் முரட்டுத்தனத்துக்குப் பொறுமையான பயிற்சி இருக்கிறது. இவற்றில் எதையும் செய்யாமல் சாட்டையை எடுப்பவர், தம் குறைக்குக் குதிரையைத் தண்டிக்கிறார்.