கணக்குக் கேட்பவர் யார்?
(அலாஸ்கா மனநல அறக்கட்டளையும் சட்டமன்ற மேற்பார்வையும்: ஓர் ஆய்வு)

இளங்கலை மூன்றாம் ஆண்டு, அரசியல் அறிவியல் துறை

முன்னுரை

சட்டமன்றத்தின் கடமைகள் யாவை என்று வினவினால், சட்டம் இயற்றுதல், வரி விதித்தல், வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தல் என்று நாம் வரிசையாக ஒப்பித்துவிடுவோம். இவற்றோடு ஒட்டி வரும் மற்றொரு கடமையை எளிதில் மறந்துவிடுகிறோம். அதுவே மேற்பார்வை. ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்திற்கே சென்றதா, ஒப்படைத்த பொறுப்பு ஒப்படைத்தவாறே நடந்ததா என்று கேட்கும் கடமை அது.

பொதுவாக இக்கடமைக்கு மக்களின் குரலே துணை நிற்கிறது. சாலை பழுதானால் ஊரார் திரண்டு மனுக் கொடுப்பர். குடிநீர் வராவிட்டால் காலிக் குடங்கள் தெருவுக்கு வரும். உறுப்பினர் தேடிப் போகாமலேயே குறை அவரிடம் வந்து சேரும். ஆனால் மனநோயாளிக்கென ஒதுக்கிய பணம் அவரைச் சென்று சேராவிட்டால் யார் மனுக் கொடுப்பார்? நோயாளியின் சொல்லை உலகம் நம்புவதில்லை. குடும்பத்தாரோ, வெளியில் தெரிந்தால் இழுக்கு என்று வாய் திறப்பதில்லை. ஆகவே மேற்பார்வை என்னும் கடமைக்கு உண்மையான சோதனை இங்கேதான் என்பது என் கருத்து.

இக்கருத்தை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடி மாநிலமாகிய அலாஸ்காவை எடுத்துக்கொண்டேன். அங்கே மனநலப் பணிக்கென்றே பெரும் நிலப்பரப்பு ஒன்று அறக்கட்டளையாக ஒதுக்கப்பட்டது. அந்த அறக்கட்டளையின் வரலாற்றில் சட்டமன்றம் ஒருகாலத்தில் குற்றம் சாட்டப்பட்ட இடத்திலும், பின்னொருகாலத்தில் கணக்குக் கேட்கும் இடத்திலும் நின்றது. இவ்விரண்டு நிலைகளையும் ஒருங்கே காட்டும் வரலாறு கிடைப்பது அரிது.

பிறந்த மண்ணில் இடமில்லை

அலாஸ்காவை 1867-இல் இரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. அது தனி மாநிலமாக ஆனது 1959 சனவரி 3-ஆம் நாளில்தான். அதுவரை அது நடுவண் அரசின் ஆட்சிப் பகுதியாகவே இருந்தது. அக்காலத்தில் அங்கே மனநோய்க்கு மருத்துவமனை இல்லை. மனநோய் கண்டவர் குற்றவாளியைப் போலக் கைது செய்யப்பட்டார். அறுவர் கொண்ட நடுவர் குழு அவர் பித்தரா அல்லரா என்று முடிவு சொல்லும். பித்தர் எனத் தீர்ப்பாகிவிட்டால், ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் இருந்த மார்னிங்சைடு என்னும் தனியார் மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்படுவார். இம்மருத்துவமனையோடு நடுவண் அரசின் உள்துறை ஒப்பந்தம் செய்துகொண்டது 1904-ஆம் ஆண்டில். பெரியவர் மட்டுமல்லர், குழந்தைகளும் அங்கே அனுப்பப்பட்டனர். சென்றவர் பலர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதைக்கூட அறியாத குடும்பங்கள் இருந்தன.

நோயாளி ஒரு மண்ணில், பணம் கொடுக்கும் அரசு வேறொரு மண்ணில், மருத்துவமனை மூன்றாம் மண்ணில் என்று இருந்தால் கணக்குக் கேட்பவர் எங்கிருந்து வருவார்? அலாஸ்கா மக்கள் தங்கள் நோயாளிகளைத் தாங்களே பேண வேண்டும் என்று கோரியதற்கு இதுவே அடிப்படை.

பத்து லட்சம் ஏக்கர்

இக்கோரிக்கையின் பயனாக 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அலாஸ்கா மனநலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிபர் ஐசனோவர் அவ்வாண்டு சூலையில் அதற்குக் கையொப்பமிட்டார். இச்சட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பும் குறிப்பிடத்தக்கது. அரசியல் எதிரிகளைப் பிடித்து அடைப்பதற்காகவே அலாஸ்காவில் ஒரு சைபீரியா அமைக்கப்படுகிறது என்று சில குழுவினர் நாடெங்கும் அச்சத்தைப் பரப்பினர். அதையும் மீறிச் சட்டம் நிறைவேறியது.

மருத்துவமனை கட்டவும் முதற் சில ஆண்டுகளின் செலவுக்கும் பணம் வழங்கப்பட்டது. அதனினும் பெரிதாக, 10 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை அலாஸ்காவுக்கு அளிக்கப்பட்டது. பணம் ஒருநாள் தீர்ந்துவிடும். நிலம் என்றும் ஈட்டித் தரும் என்பது நோக்கம். அந்நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், விற்கலாம், கனிமம் எடுக்கலாம். ஆனால் வரும் வருவாய் பொது அறக்கட்டளையாக நிர்வகிக்கப்பட்டு, முதலில் மனநலப் பணியின் தேவைகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்று சட்டம் கூறியது. ‘முதலில்’ என்னும் அந்தச் சிறு சொல்லே பின்னாளைய வழக்கு முழுவதற்கும் உயிர்நாடி.

1962-இல் ஆங்கரேஜ் நகரில் அலாஸ்கா மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது.

காவலரே கவர்ந்த கதை

இந்த அறக்கட்டளைக்கு அறங்காவலர் மாநில அரசே. கணக்குக் கேட்க வேண்டிய சட்டமன்றமும் அம்மாநிலத்தின் ஓர் உறுப்பே. தன்னைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு எவ்வாறு முடியும் என்பதை 1978-ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டில் சட்டமன்றம் அறக்கட்டளை நிலங்களைப் பொது அரசு நிலங்களாக மாற்றிச் சட்டம் இயற்றியது. நிலத்திற்கு ஈடாக அரசு நில வருவாயில் ஒரு சிறு பங்கு மனநலத்திற்கு வரும் என்று காகிதத்தில் எழுதப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. நிலங்கள் நகராட்சிகளுக்கும் தனியாருக்கும் சென்றன. காடுகளாகவும் பூங்காக்களாகவும் ஒதுக்கப்பட்டன. 1982-இல் பார்த்தபோது மூல நிலத்தில் சுமார் 35 விழுக்காடு மட்டுமே மாநிலத்தின் கையில் எஞ்சியிருந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தை எவரும் இரவில் திருடிச் செல்லவில்லை. அவையில் மசோதா வந்தது, வாக்கெடுப்பு நடந்தது, முறைப்படி சட்டம் ஆயிற்று. வீட்டுமனை வேண்டுவோருக்கு வாக்கு உண்டு, பூங்கா வேண்டுவோருக்கு வாக்கு உண்டு. நோயாளியின் பக்கம் நின்று பேச எவரும் இல்லை என்பதே குறை.

1982-இல் ஒரு தந்தை நீதிமன்றம் சென்றார். தம் மகனுக்குத் தேவையான மனநலப் பணிகள் மாநிலத்தில் கிடைக்கவில்லை என்பது அவர் முறையீடு. வைஸ் வழக்கு என்று பெயர் பெற்ற இவ்வழக்கில் 1985-இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 1978-இல் செய்தது அறக்கட்டளைக் கடமையை மீறிய செயல் என்றும், அறக்கட்டளையை இயன்றவரை பழைய நிலைக்கே மீட்டமைக்க வேண்டும் என்றும் அது கூறியது. சட்டமன்றத்தின் பேரால் நடந்த தவற்றை ஒரு தனிக் குடும்பம் எடுத்துச் சென்று தட்டிக்கேட்டது என்பதை அரசியல் மாணவர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் உடன்பாடு

தீர்ப்பு வந்ததே தவிர, நிலம் உடனே திரும்பவில்லை. விற்ற நிலத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. இடையில் நடந்த சமரச முயற்சிகளும் நிலைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1994-இல்தான் இறுதி உடன்பாடு ஏற்பட்டது. மூல நிலத்தில் சுமார் 5 லட்சம் ஏக்கரும், மாற்று நிலமாகச் சுமார் 5 லட்சம் ஏக்கரும், ரொக்கமாக 20 கோடி டாலரும் கொண்டு அறக்கட்டளை மீண்டும் அமைக்கப்பட்டது.

இவ்வுடன்பாட்டின் சிறப்பு, பொறுப்பைப் பல கைகளில் பிரித்து வைத்ததாகும். ஆளுநர் நியமித்துச் சட்டமன்றம் உறுதி செய்யும் ஏழு அறங்காவலர்கள், வருவாயை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வர். நிலத்தை இயற்கை வளத்துறையில் உள்ள தனி நில அலுவலகம் நிர்வகிக்கும். முதல் தொகையை மாநிலத்தின் எண்ணெய் வருவாயைப் பேணும் நிலைநிதிக் கழகம் முதலீடு செய்யும். மனநோய் உடையோர், வளர்ச்சிக் குறைபாடு உடையோர், குடிநோய் முதலிய போதைப் பழக்க நோயுடையோர், முதுமை மறதிநோய் உடையோர், தலைக்காயத்தால் மூளை பாதிக்கப்பட்டோர் ஆகியோர் பயனாளிகள்.

சட்டமன்றத்திற்கும் ஒரு கடிவாளம் இடப்பட்டது. மனநலத் திட்டத்திற்கான நிதி ஒதுக்கீடு தனி மசோதாவாகவே வர வேண்டும். பொது வரவு செலவில் கலந்து மறைந்துவிடக் கூடாது. அறங்காவலர்களின் பரிந்துரையிலிருந்து ஆளுநர் மாறுபட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சட்டமன்றம் மாறுபட்டாலும் அவ்வாறே. ‘கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரம் சட்டமன்றத்திற்கு இன்றும் உண்டு. ஆனால் ஏன் என்று எழுதாமல் சொல்லும் உரிமை இல்லை. வாய் பேச இயலாதவர் சார்பில் இதைவிட எளிய காவல் இருக்க முடியாது.

2018-ஆம் ஆண்டின் தணிக்கை

இனி நாணயத்தின் மறுபக்கத்தைக் காண்போம். அறங்காவலர்கள் மட்டும் தவறாதவர்களா?

அலாஸ்கா அரசியலமைப்பின்படி தணிக்கையாளரைச் சட்டமன்றமே நியமிக்கிறது. சட்டமன்றத்தின் வரவு செலவு மற்றும் தணிக்கைக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் அறக்கட்டளையின் கணக்குகள் ஆராயப்பட்டு 2018-இல் அறிக்கை வெளிவந்தது. நிலைநிதிக் கழகத்திடம் சேர்க்க வேண்டிய முதல் தொகையில் சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலரை அறங்காவலர்கள் வணிகக் கட்டடங்களில் முதலீடு செய்தது சட்டத்திற்கும் உடன்பாட்டிற்கும் முரணானது என்று அறிக்கை கூறியது. கட்டடங்களுள் சில வேறு மாநிலங்களில் இருந்தன. பொதுமக்கள் அறியக் கூடிப் பேச வேண்டியவற்றில் திறந்த கூட்டச் சட்டம் மீறப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது.

இரு ஐயங்கள்

இப்பொருள் பற்றி எங்கள் துறைக் கருத்தரங்கில் நான் பேசியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “கட்டடம் வாங்கினார்கள், வாடகை வந்தது, அது நோயாளிகளுக்கே போயிற்று. எவரும் தம் பையில் போட்டுக்கொள்ளவில்லையே! இதில் குற்றம் என்ன?”

நியாயமான கேள்விதான். ஆனால் செலவிடுபவர் கையும் முதலைக் காப்பவர் கையும் வேறாக இருக்க வேண்டும் என்பதே உடன்பாட்டின் உட்பொருள். இரண்டும் ஒன்றானால் ஒருவர் தவற்றை மற்றவர் காண வழியில்லை. மேலும் பல இடங்களில் பரவிய முதலீட்டில் ஒன்று சரிந்தால் மற்றொன்று தாங்கும். ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர் வெளியேறினால் வாடகை நின்றுவிடும். இவற்றுக்கும் மேலாக, ‘நல்ல நோக்கத்தோடு செய்தோம்’ என்பதை ஒப்புக்கொண்டால், 1978-இல் கைதூக்கிய உறுப்பினர்களும் அதையே சொல்லலாம் அல்லவா?

பேராசிரியர் ஒருவர் எழுப்பிய ஐயம் இதனினும் கடுமையானது. “நிலத்தைப் பறித்த சட்டமன்றத்திற்கு அறங்காவலரைக் கேட்கும் தகுதி ஏது?” என்றார் அவர். நான் புரிந்துகொண்ட அளவில் விடை இது: கேட்பவர் மாசற்றவராக இருப்பதால் மேற்பார்வைக்கு வலிமை வருவதில்லை, கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டிருப்பதால் வருகிறது. 2018-இல் தணிக்கையாளர் சட்டமன்ற உறுப்பினர்களின் விருப்பத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. 1985-இன் தீர்ப்புக்குப் பணிந்து சட்டமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டையும் சட்டத்தையுமே கொண்டார்.

எனினும் இம்மேற்பார்வையிலும் குறைவு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. தணிக்கை எப்போதும் பின்னால் வருவது. பணம் போன பிறகே எழுதுவது. முதல் தொகை எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். நோயாளி நலமடைந்தாரா என்று சொல்லாது. கணக்கு நேராக இருந்தும் மருத்துவமனை வாசலில் ஒருவர் திருப்பி அனுப்பப்படலாம். எனவே தணிக்கையோடு, பயனாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் குழுவின் முன் வந்து பேசும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

முடிவுரை

அலாஸ்காவின் வரலாற்றிலிருந்து நான் கற்றவை மூன்று. பேச இயலாதவருக்கென ஒதுக்கிய பொருளைத் தனியே எழுதி வைக்க வேண்டும். பொதுவில் கலந்தால் அது கரைந்துவிடும். அப்பொருளைக் காக்கும் கையும் செலவிடும் கையும் வேறாக இருக்க வேண்டும். மேற்பார்வையிடும் சட்டமன்றமும் தன் முடிவுக்குக் காரணம் எழுதக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை அலுவலகங்களில் கோப்பைக் கையாளுவோம். சிலர் மன்றங்களில் உறுப்பினராகவும் அமரலாம். கோப்பின் மறுமுனையில் இருப்பவர் நம்மிடம் வந்து கேட்கக்கூடியவரா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். கேட்கக்கூடியவருக்கு அவர் குரலே காவல். கேட்க இயலாதவருக்கு நாம் எழுதும் கணக்கே காவல்.