துருவ நிலையத்துக்கு முதலில் வேண்டியவர் மெக்கானிக்

துருவ ஆய்வு நிலையம் ஒன்றில் குளிர்காலம் முழுக்கத் தங்கி ஜெனரேட்டர் அறையைக் கவனித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் என்னிடம் யோசனை கேட்பவர்கள் பென்குயினைப் பற்றிக் கேட்கிறார்கள், துருவ ஒளியைப் பற்றிக் கேட்கிறார்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் அபூர்வம். நாடு எதுவானாலும் அறிக்கைகளிலும் இதே கதைதான். ஆய்வாளர்களுக்குப் பெயர் உண்டு; எஞ்சினைப் பார்த்தவர் 'உதவிப் பணியாளர்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுவார். துருவத்துக்குப் போகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இந்த வரிசைப்படுத்தல்தான் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் கொடுத்த விலையையும் வரலாறு சொல்கிறது.

ஊரில் மின்சாரம் போனால் விளக்குதான் அணையும். அங்கே எல்லாம் ஒரே கயிற்றில் தொங்குகிறது. 134 சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கட்டி அண்டார்டிகாவில் 2012இல் திறந்த இந்தியாவின் பாரதி நிலையத்தில், மின்சாரம் தரும் எஞ்சின்களின் கழிவு வெப்பமே கட்டடத்தையும் சூடாக்குகிறது. 1989 முதல் இயங்கும் இன்னொரு இந்திய நிலையமான மைத்ரிக்குப் பக்கத்திலேயே பிரியதர்ஷினி ஏரி இருக்கிறது. ஆனால் குழாயில் ஓடும் நீர் உறையாமல் இருந்தால்தான் அது குடிநீர். எஞ்சின் நின்றால் வெளிச்சம், சூடு, தண்ணீர், வானொலித் தொடர்பு எல்லாமே வரிசையாகப் போய்விடும். காற்று மிக வறண்டிருப்பதால் தீ சட்டென்று பரவும். அணைக்கத் தேவையான நீரோ பனிக்கட்டியாகக் கிடக்கும்.

சோவியத் யூனியனின் வோஸ்டோக் நிலையத்தில் 1982 ஏப்ரலில் மின்நிலையம் எரிந்தது. மெக்கானிக் ஒருவர் இறந்தார். துருவக் குளிர்காலத்தில் அங்கே விமானம் இறங்க முடியாது. மிஞ்சிய 20 பேரும் கைவிடப்பட்ட பழைய டீசல் எஞ்சின் ஒன்றை உயிர்ப்பித்து, எரிவாயு உருளைகளை வெட்டி அடுப்பு செய்து, பல மாதங்களைத் தாண்டி உயிரோடு வந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில் பூச்சியத்துக்குக் கீழே 89.2 டிகிரி பதிவானதும் அதே இடத்தில்தான். பிரேசிலின் கொமாந்தாந்தே ஃபெராஸ் நிலையத்தில் 2012 பிப்ரவரியில் பிடித்த தீயும் எஞ்சின் அறையில்தான் தொடங்கியது. இருவர் இறந்தார்கள். புதிய நிலையம் திறக்க 2020 ஆனது. பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 2014 ஜூலை இறுதியில் கூலண்ட் கசிந்து 19 மணி நேரம் மின்சாரமும் சூடும் இல்லை. வெளியே மைனஸ் 55 டிகிரி. பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள், ஆனால் வானிலைப் பதிவைத் தவிர மற்ற ஆய்வுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு குழாயில் கசிவு. நின்றதோ ஒரு நாடு பெரும் பணம் செலவழித்து நடத்திய ஆராய்ச்சி.

ஆய்வுக்காகத்தானே நிலையம், எஞ்சினுக்காகவா என்று கேட்பார்கள். ஆய்வுக்காகத்தான். ஆனால் துருவ ஆய்வின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. ஓசோன் படலத்தின் ஓட்டையை உலகம் 1985இல் அறிந்தது, ஹாலியில் 1950களின் நடுவிலிருந்து விடாமல் அளந்து வந்ததால். ஆண்டுக்கணக்கில் அங்கே மனிதர் வாழ முடிந்ததால்தான் அந்த வரிசை அறுபடவில்லை. அப்படியானால் மருத்துவர் அல்லவா முக்கியம் என்பார்கள். மைத்ரி இருக்கும் அதே ஷிர்மாக்கர் பாறைத்திட்டில் உள்ள நோவோலாசரேவ்ஸ்காயா நிலையத்தில், 1961இல் லியோனித் ரோகசோவ் என்ற மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் வானிலையாளர். கண்ணாடியைப் பிடித்து விளக்கைத் திருப்பிக் காட்டியவர் வண்டி ஓட்டும் மெக்கானிக். இனி எல்லாம் தானியங்கி என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. பனித்தட்டில் விரிசல் விழுந்ததால் 2017 முதல் ஹாலியில் குளிர்காலத்தில் ஆள் இல்லை, சிறு டர்பைன் ஒன்றுதான் கருவிகளை ஓட்டுகிறது. அந்த டர்பைனைப் பொருத்தியவரும் ஒவ்வொரு கோடையிலும் போய்ப் பார்ப்பவரும் மெக்கானிக்தான்.

நீங்களும் என்னைப் போல இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே கப்பல் பட்டறையிலோ பெரிய கட்டடத்தின் எஞ்சின் அறையிலோ வேலை பார்ப்பவர் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். டெல்லி எய்ம்ஸில் உடல் பரிசோதனை, அவுலியில் பனிப் பயிற்சி, கேப் டவுன் வழியாகப் பயணம். இவற்றையெல்லாம் அனுப்புகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் தயாராக வேண்டியது வேறு. சாதாரண டீசல் குளிரில் மெழுகாகி வடிகட்டியை அடைக்கும், ஆகவே எரிபொருளைப் படியுங்கள். உதிரிப் பாகம் அடுத்த கப்பல் வரும்வரை வராது, ஆகவே கிடைத்ததைக் கடைந்து பொருத்தப் பழகுங்கள். வெல்டிங், பிளம்பிங், வயரிங் மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கே ஆளுக்கொரு வேலை என்பது கிடையாது. டாக்டர் பட்டம் பெற்றவர் முன் கூச்சப்பட்டு, எஞ்சின் சத்தம் மாறியதைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

வெப்ப நாட்டவருக்கு இது எதற்கு என்ற கேள்வியை நான் ஏற்பதில்லை. 2008இலேயே கெப்பல் சிங்மரீன் சிங்கப்பூரில் பனியுடைப்புக் கப்பல்களைக் கட்டி ரஷ்ய நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2013 முதல் சிங்கப்பூர் ஆர்க்டிக் மன்றத்தின் பார்வையாளர். இந்தத் தீவில் ஏறக்குறைய 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவு. உமிழ்வு குறையாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024 தொடக்கத்தில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. அதற்கு மேலும் போகுமா என்பதை அண்டார்டிகாவின் பனிதான் தீர்மானிக்கும். பாசிர் ரிஸ் கரையோரம் வீடு வாங்கியவருக்கு அந்தப் பனியின் அளவீடு தூரத்துச் செய்தி அல்ல.

கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் ஜெனரேட்டர் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், சமையல்காரர் வேலைகளுக்கு விளம்பரம் செய்வதுண்டு. பட்டம் இல்லையே என்று ஒதுங்காமல் விண்ணப்பியுங்கள். அனுபவம் என்ற கட்டத்தில், நீங்கள் பிரித்துப் பூட்டிய எஞ்சின்களின் பெயரை ஒன்று விடாமல் எழுதுங்கள்.