செல்போனில் தொழில் பழக்கம்: நம்ம பிள்ளைகளுக்கும் நமக்கும் ஒரு பாடம்



"எந்நேரமும் செல்லும் கையுமா இருக்கா" என்று வீட்டில் நாம் மகளைத் திட்டுகிறோம். அதே செல்போனை வைத்து வேலைக்கு வழி தேடவும் முடியும். எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம்.

ஆரணியில் தறி நெய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பத்தாவது முடித்ததும் சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று வருட டிப்ளமோ சேர்ந்தாள். கடைசி வருடம் வந்ததும் வேலைக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர், பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி. அம்மாவுக்குத் தெரிந்தது தெருவும் குழுவும். எல்லோரிடமும் இருந்த சேதி ஒன்றேதான்: அடுத்த பாவு எப்போது வரும், கூலி எவ்வளவு.

இதைப் பற்றி மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973-லேயே எழுதியிருக்கிறார். நெருங்கிய சொந்தம் நமக்காக எதையும் செய்யும். ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். வேலை பற்றிய புதுச் சேதி பெரும்பாலும் கொஞ்சம் பழக்கமானவர்கள் மூலம்தான் வருகிறது. நம் கூட்டமைப்பிலும் அப்படித்தானே? தெருக் குழுவில் யாருக்கும் தெரியாத கடன் திட்டம், வேற ஊர் அக்கா ஒருத்தர் சொல்லித்தானே நம் காதில் விழுகிறது!

லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் பழக்கத்துக்கென்றே 2003-ல் தொடங்கிய சமூக வலைத்தளம். 16 வயது ஆனவர்கள் சேரலாம். கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். அந்தப் பொண்ணும் சேர்ந்தாள். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் "ஹாய் சார், வேலை இருக்கா?" என்று அனுப்பினாள். ஒரு பதிலும் வரவில்லை. பிறகு ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி முறையை மாற்றினாள்.

1. தன்னைப் பற்றி விவரமாக எழுதினாள். படிப்போடு நிறுத்தாமல், "தார் சுற்றுவேன், பாவு பிணைக்கத் தெரியும், கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போடுவேன்" என்று சேர்த்தாள். வீட்டு வேலை என்று நாம் நினைப்பதுதான் வெளியே அனுபவம்.

2. வேலையைக் காட்டினாள். தானே போட்ட முந்தானை, பார்டர் டிசைன்களைப் படம் எடுத்து, இரண்டு வரி விளக்கத்தோடு போட்டாள். முதலாளி கொடுத்த டிசைனை அவரைக் கேட்காமல் போடக் கூடாது.

3. ஆளைப் பார்த்துப் பேசினாள். அதே நிறுவனத்தில் முன்பு படித்தவர்களைத் தேடினாள். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன்னில் உள்ள சுமார் 2 கோடி பேரை வைத்துச் செய்தது. ஓரளவு பழக்கமானவர்களே வேலை கிடைக்க அதிகம் உதவினார்கள் என்று அதில் தெரிந்தது. பழக்கமே இல்லாத ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொள்வதால் பெரிய பலன் இல்லை.

4. கேள்வி கேட்டாள். "அக்கா, நானும் சேலத்தில்தான் படிக்கிறேன். உங்க வேலைக்கு நான் இன்னும் என்ன கத்துக்கணும்?" இப்படிக் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் மனசு வரும்.

5. பதில் சொன்னவருக்கு நன்றி சொன்னாள். அவர் சொன்னதைக் கற்றுக்கொண்டு, அதையும் தெரிவித்தாள்.

பதில் போட்டவர்கள் சிலர்தான். அதில் ஒரு அக்கா, சில மாதம் கழித்து, தன் கம்பெனியில் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார். நேர்முகத் தேர்வில் இவள் தேறினாள். அந்த அக்கா சேதி மட்டும்தான் சொன்னார். வேலை இவள் கைத்திறமைக்குக் கிடைத்தது.

"பொம்பளைப் பிள்ளை முகம் தெரியாதவங்ககிட்ட பேசலாமா?" என்று அவள் அம்மா பயந்தார். அந்தப் பயம் நியாயமானதே. அதற்குச் சில கட்டுப்பாடுகள் போதும்:

• வீட்டு முகவரி, ஆதார், செல் நம்பரைப் பொதுவில் போடக் கூடாது.
• "முன்பணம் கட்டு, வேலை தருகிறோம்" என்றால் அது மோசடி என்று ஒதுங்க வேண்டும்.
• நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டால் கொடுக்கவே கூடாது.
• நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் கம்பெனியின் அலுவலகத்தில் பேசி உறுதி செய்துகொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.
• பணம் ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணத்தை மீட்பது கஷ்டம்.

செல்லைப் பிடுங்கி வைத்தால் மோசடிக்காரன் மட்டுமல்ல, அந்த அக்காவும் கிடைக்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "யார் இது, என்ன கேட்கிறார்?" என்று விசாரிப்பதே நல்லது.

குழுக் கூட்டத்தில் பேச:
• நம் குழுவில் வேலை தேடும் பிள்ளைகள் யார் யார்? அவர்களுக்கு என்னென்ன கைவேலை தெரியும்?
• அந்தத் தொழிலில் இருக்கும், நமக்குக் கொஞ்சம் பழக்கமானவர்கள் யார்? ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்லுங்கள்.