இன்மையளவையும் இணைய ஏட்டு நூலகமும்

ஒரு பொருள் ஓரிடத்து இல்லையென அறியும் அறிவை அபாவம் என்னும் அளவையாகச் சிலர் கொள்வர். சிவஞானசித்தியார் அளவையிலக்கணம் கூறுமிடத்துப் பிறர் கூறும் பத்தளவைகளுள் இதனையும் எண்ணி, அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிற்று. தனியளவையாயினுமாக, அடங்குவதாயினுமாக, அதற்கு ஒரு வரம்புண்டு. விளக்கெரியும் அறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லையெனக் கூறலாம். இருளறையில் நின்று காணாதவன் அங்ஙனங் கூறலாகாது. இருந்தாற் காணப்படும் என்னுந் தகுதி உள்ளவிடத்தே தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். இதனை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், இக்காலத்து மாணவர் பலர் கணினிமுன் அமர்ந்து ஒரு சொல்லைத் தேடி, அது கிட்டாமையால், 'இந்நூலில் இல்லை', 'எந்நூலிலும் இல்லை' எனத் துணிந்தெழுதி வருதலேயாம்.

சைவவுலகம் நன்கறிந்த வழக்கொன்றை எடுத்துக்கொள்வாம். சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்கள் இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தினின்றும் மொழிபெயர்க்கப்பட்டன என்பது மாபாடியமுடையார் முதலிய பெரியோர் கொள்கை. தமிழிலெழுந்த முதனூலே அஃதென்பது பிற்காலத்தாருட் சிலர் கொள்கை. திரு. என். ஆர். பட் அவர்கள் இரௌரவத்தைப் பல சுவடிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை அடியிற் காட்டி, 1961 முதல் மூன்று பகுதிகளாகப் பதிப்பித்தார்கள். அப்பதிப்பில் அச்சூத்திரங்கள் காணப்படவில்லை. அதுகொண்டு வழக்கு முடிந்ததென்பாரும் உளர். முடிந்ததா என்பதே வினா.

விடை காண்டற்கு முன், ஆராய்ந்த அறையில் விளக்கு எவ்வளவு எரிந்தது என நோக்கல் வேண்டும். புதுச்சேரியில் 1955-இல் ழான் ஃபிலியோசா என்னும் பேராசிரியர் தலைமையில் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், குருக்கள்மார் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்த ஆகமச் சுவடிகளைத் திரட்டிற்று. ஏட்டைப் பெற இயலாதவிடத்துக் காகிதத்தில் நாகரியெழுத்திற் படியெடுப்பித்தது. அங்ஙனம் எழுந்த படிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. அந்நிறுவனத்திலும் அவ்வூரிலுள்ள மற்றொரு பிரெஞ்சுக் கல்விநிலையத்திலும் இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. பின்னர் அக்காகிதப் படிகள் ஒளிப்படமாக்கப்பட்டு, முக்தபோதா என்னும் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் விலையின்றி வைக்கப்பட்டன. அவற்றுட் பல தட்டெழுத்து வடிவும் பெற்றன. முன்னாளிற் புதுச்சேரிக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கியவர்க்கே கிட்டிய படி, இன்று ஒரு சிற்றூர்ப் பாடசாலை மாணவன் கையகத்தும் வருகின்றது. பதிப்பாசிரியர் கொண்ட பாடம் சரியோ என மூலத்தைத் தானே நோக்கி வினவும் உரிமை அவனுக்கு உண்டாயிற்று. இதனினும் பெரிய உதவி ஆகமக் கல்விக்கு அண்மைக்காலத்திற் செய்யப்பட்டதாக யாம் கருதவில்லை.

நிற்க. அந்நூலகத்துத் தட்டெழுத்துப் பிரதிகளின் தலையில், இஃது இன்ன எண்ணுள்ள படியினின்றும் எடுக்கப்பட்டது, இன்னார் மேற்பார்வையில் உட்புகுத்தப்பட்டது என்னுங் குறிப்பு இருத்தலைக் காணலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தட்டெழுதியவர், பிழைதிருத்தியவர் பெயர்களைத் தம் மின்பதிப்புக்களின் முன்னே பொறிக்கும் வழக்கம் உடையர். ஆனால் அப்பிரதிகளைப் பிறவிடங்களுக்கு எடுத்துச் செல்வோர் முதலில் வெட்டியெறிவது இத்தலைக்குறிப்பையே! குறிப்பு நீங்கிய பிரதி, குருபரம்பரை கூறமாட்டாத மாணாக்கனை ஒக்கும். ஒரே படியினின்றும் பிரிந்த பத்துப் பிரதிகளைப் பத்துச் சான்றெனக் கொள்ளும் மயக்கம் இதனால் விளைகின்றது.

இனித் தேடுதலின் இயல்பை நோக்குவாம். ஒளிப்படத்துள் எழுத்து கண்ணுக்குத் தெரியினும், தட்டெழுதப்படாதவரை கணினியின் தேடலுக்கு அது தெரியாது. தட்டெழுதிய நூலிலும் இடர் உண்டு. 'உயிர்' எனத் தேடுவோனுக்கு 'மன்னுயிர்', 'பல்லுயிர்', 'அவ்வுயிர்' என்பன அகப்படா. புணர்ச்சியில் உகரம் முன்னின்ற மெய்யின்மேல் ஏறிவிட்டதன்றோ? வடமொழிச் சுலோகங்களிற் சந்தி இதனினும் மிகுதி. ஏட்டெழுத்திலோ புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். காலும் ரகரமும் ஒருவடிவாம். படியெடுத்தோர் ஒன்றனை மற்றொன்றாக எழுதியிருப்பின், சொல் நூலில் இருந்தும் தேடினார்க்கு இல்லையாகும். நூல் முழுவதையும் ஓதி உள்ளத்திருத்திய பழைய ஆசிரியர்க்கு இவ்விடர் இல்லை என்பதை இளைஞர் மறவாதிருத்தல் நன்று.

இவற்றினும் பேரிருள் ஒன்றுண்டு. மடங்களின் சரஸ்வதி மகால்களிலும் குருக்கள்மார் வீட்டுப் பரண்களிலும் இன்னும் அவிழ்க்கப்படாத கட்டுக்கள் உள. அவை திறக்கப்படாதவரை, பன்னிரு சூத்திரம் எச்சுவடியிலும் இல்லை என்பார் கூற்று இருளறையிற் குடத்தைக் காணாதான் கூற்றேயாம். அதுபற்றி எதிர்வழக்கினரும் மகிழ்தற்கிடமில்லை. யாரும் பார்க்கவியலாத ஏட்டில் உண்டு என்பதும் அளவையாகாது.

'ஆகமங்கள் தீக்கைபெறாதார்க்கு உரியனவல்ல. அவற்றை எல்லார் கண்ணும் படுமிடத்து வைத்தல் தகுமோ?' என்பது மடத்துப் பெரியோர் எழுப்பும் ஆசங்கை. இதனை எள்ளிக் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. நூல்களே அவ்விதியைக் கூறுகின்றன. ஆயினும் காமிகம் முதலியவற்றைக் கிரந்த எழுத்தில் அச்சிட்டு வழங்கினோர் நூறாண்டுக்கு முன்னிருந்த சைவ நன்மக்களே. நெடுங்காலம் மடத்தளவில் நின்ற சிவஞான மாபாடியம் இருபதாம் நூற்றாண்டில் முழுமையாக அச்சேறியபின்னன்றோ நம்மனோர் பலர் சித்தாந்தத்தை முறையாகக் கற்றனர்? கிரியைக்குரிய அதிகாரம் ஆசாரியனால் வருவது. ஏட்டின் படத்தைக் கண்டமையால் எவனும் அதனைப் பெறான். பாடமறிதல் வேறு, பிரயோகித்தல் வேறு. இங்ஙனம் பகுத்துணரின் விதிக்கு இழுக்கில்லை என்பது எமது துணிபு.

இதனை ஏலாதாரும் ஒன்று செய்யலாம். ஏட்டைத் திறவாவிடினும் ஏட்டின் பட்டியைத் திறக்கலாம். நூற்பெயர், எழுத்து, ஏட்டின் தொகை, தொடக்கவரி, முடிவுவரி, எழுதினோன் பெயர் இருப்பின் அது, இவ்வளவே போதும். இரௌரவத்தின் படி ஒன்று இன்ன மடத்தில் உண்டென்று தெரிந்தால், அதனைக் காணாமல் 'இல்லை' என்று எழுத மாணவன் கூசுவான். பதிப்பிப்போன் மடத்தை நாடி வந்து பணிந்து வேண்டுவான். காட்டுவதும் மறுப்பதும் அப்பொழுதும் மடத்தின் உரிமையே. கிரந்த எழுத்துக்கு 2014-இல் யூனிக்கோடு முறையில் இடம் கிடைத்துவிட்டமையால், தொடக்கவரியைச் சுவடியிலுள்ள எழுத்திலேயே பட்டியிற் பதியவும் தடையில்லை. செல்லரித்த ஏடுகளின் எண்களையும் விடாது குறித்தல் வேண்டும். பாசவிமோசனப் படலம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் ஏடுகள் ஒடிந்துபோயின என்று ஒரு பட்டி கூறுமாயின், அச்சுவடியை இருதிறத்தாரும் தம் சான்றாகக் காட்டமாட்டார்.