வடிகாலும் பாசனச் செலவே

பாசனத் திட்டங்களை மதிப்பிடும்போது அணை, கால்வாய், கூடுதல் விளைச்சல் ஆகியவற்றையே பெரிதும் கணக்கில் கொள்கிறோம். வயலில் பாய்ந்த நீர் முடிவில் எங்கே சென்று சேரும் என்ற வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதன் விளைவை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் உணர்த்துகிறது.

சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி மழை குறைந்த நிலமாகும். அருகிலுள்ள மலைத்தொடரின் கடற்படிவப் பாறைகளிலிருந்து அரித்து வரப்பட்ட அதன் மண்ணில் உப்புகளுடன் செலினியமும் இயற்கையாகவே கலந்துள்ளது. 1960களின் பிற்பகுதியில் அங்குக் கால்வாய் நீர் பெருமளவில் வந்தது. அடியிலுள்ள களிமண் அடுக்குகள் நீரை இறங்கவிடாததால் உவர்நீர் மேலெழுந்து பயிர்களின் வேர்களை நெருங்கியது. எனவே நிலத்தடியில் குழாய்கள் பதித்து அந்நீரை வடிக்க வேண்டியதாயிற்று.

அதனைக் கழிமுகம் வரை கொண்டுசெல்வதே முதல் நோக்கம். ஆனால் செலவும் எதிர்ப்பும் காரணமாக, 1975இல் சான் லூயிஸ் வடிகால் கெஸ்டர்சனிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்த 12 ஆழமற்ற குளங்கள் நீரை ஆவியாக்குவதோடு பறவைகளுக்குப் புகலிடமாகவும் அமையும் எனக் கருதப்பட்டது. 1981 முதல் அவற்றுக்கு வந்தது ஏறத்தாழ முழுவதும் வடிகால் நீரே.

செலினியம் மிகச் சிறு அளவில் உயிர்களுக்குத் தேவை. சற்று மிகுந்தாலும் நஞ்சாகும். கெஸ்டர்சனுக்கு வந்த நீரில் அது லிட்டருக்குச் சராசரியாகச் சுமார் 300 மைக்ரோகிராம் இருந்தது. தேங்கிய நன்னீருக்கென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் வகுத்த வரம்போ 1.5 மைக்ரோகிராமே. பாசியில் சேர்ந்த செலினியம் பூச்சி, மீன் வழியாகப் பறவைகளின் முட்டைகளை அடைந்தது. நாமக்கோழி, முக்குளிப்பான், வாத்து ஆகியவற்றின் கருக்களும் குஞ்சுகளும் கண், அலகு, கால்கள் சிதைந்திருந்ததை 1983இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

1986இல் வடிகால் நீர் நிறுத்தப்பட்டது. 1988இல் தாழ்வான பகுதிகள் மண்ணிட்டு மூடப்பட்டன. பறவைகள் புகலிடம் இழந்தன. உழவர்களோ வடிகால் இழந்தனர். பின்னர் சில நிலங்களைப் பாசனத்திலிருந்தே விலக்க நேர்ந்தது. திட்டக் கணக்கில் இடம்பெறாத செலவு மறைந்துவிடவில்லை. பிறர் தலையில் விழுந்தது.

நம் நாட்டிலும் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவாஷஹர் பகுதிகளில் செலினியம் மிகுந்த மண் உண்டு. ஆதலின் பாசனம் தொடங்குமுன் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய்தல், நீரை அளவோடு பாய்ச்சி வடிநீரைக் குறைத்தல், வடிநீர் சேருமிடத்தை முன்னரே தீர்மானித்தல் ஆகிய மூன்றும் திட்டச் செலவின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.