முகத்தில் மஞ்சள் பூசிய ரயில்கள்

கேள்வி: பிரிட்டனில் ரயில் பெட்டிகளின் நிறம் அடிக்கடி மாறுகிறது. ஆனால் பல ரயில்களின் முகப்பு மட்டும் மஞ்சளாகவே இருக்கிறதே, ஏன்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அது அழகுக்காகப் பூசியதல்ல, உயிர் காக்கப் பூசியது. நீராவி எஞ்சின் வரும்போதே புகையும் சத்தமும் சொல்லிவிடும். 1960-களில் அதன் இடத்தைப் பிடித்த டீசல், மின்சார ரயில்களில் சத்தம் குறைவு. தண்டவாளத்தில் வேலை செய்பவர்கள் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கட்டும் என்று முகப்பில் மஞ்சள் பூசினார்கள். முதலில் சிறு பட்டை, பிறகு முகம் முழுக்க. பிரகாசமான விளக்குகள் வந்தபின், 2016-இல் விதி தளர்ந்தது; உரிய விளக்கு இருந்தால் மஞ்சள் கட்டாயமில்லை. பக்கவாட்டில் எந்த வண்ணமும் தீட்டட்டும். முகப்பு விஷயத்தில் தண்டவாளத் தொழிலாளியின் கண்ணுக்கே முதலிடம் தர வேண்டும்.