முதியோரை வீட்டிலேயே பேணுதல்



முதியோருக்குச் செய்யத்தக்க தர்மம் யாதெனில், நம்மில் அநேகர் முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பதையே சொல்வார்கள். அதுவும் நன்றே. ஆனால் விழுப்புரம், திண்டிவனம், சுற்றுக் கிராமங்கள் எங்கும், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட, சொந்த வீட்டிலேயே தனித்திருக்கும் வயோதிகர் பலர். அங்கேயே இருக்கத்தான் விரும்புகிறார்கள்.

மருந்து ஒருவாறு வந்து சேருகிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். ஆனால் கண் மங்கியவருக்குக் காலை மாத்திரை எது, இராத்திரி மாத்திரை எது என்று பிரித்துக் கொடுப்பவர் யார்?

கேரளத்தார் இதற்கு வழி கண்டார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தீரா நோயாளருக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவரை அக்கம்பக்கத்தாரே பேணும்படி, 2001 முதல் மலப்புரம் முதலிய வட மாவட்டங்களில் தொண்டர்களைச் சேர்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் எவரும் சேரலாம். 16 மணி நேரப் பாடமும், நான்கு நாள் பழக்கமும் உண்டு. கேட்டது பணமல்ல, நேரம். 2008-ல் அரசாங்கமே இதைத் தன் கொள்கையாக ஏற்றது.

நமக்கும் இது புதிதன்று. 1833-ல் பாரீஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவர் தோழர்களோடு தொடங்கிய அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையின் முதல் வேலையே ஏழைகளை வீடு சென்று காண்பதுதான்.

ஆனால் காண்பது என்றால் என்ன? பழம் கொடுத்துப் படம் பிடித்துத் திரும்புவதல்ல. "எப்படியிருக்கிறீர்கள், ஆயா?" என்றால், "எனக்கென்ன குறை" என்பார்கள். நம்பவேண்டாம், அடுப்பு எரிந்ததா என்று பாருங்கள். குளிக்குமிடம் பாசி பிடித்திருந்தால் தேய்த்துவிடுங்கள். ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், தனித்து வாழ்வது பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. இராத்திரி கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு வேண்டும். மகனுக்குப் போன் போட்டுக் கொடுங்கள்; மகனைத் திட்டுவது உங்கள் வேலையல்ல. உதவித் தொகைப் பணத்தை உங்கள் கையில் வாங்காதிருங்கள். அடி, உதை, பட்டினி கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

குறித்த நாளில், குறித்த வேளையில் போகவேண்டும். வருகிறேன் என்று சொல்லி வராதவர்களுக்காக அன்று முழுவதும் வாசலையே பார்த்திருப்பார்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், தெருவுக்கு இருவராகப் பெயர் கொடுக்கவும். உங்கள் தெருவில் தனித்திருப்போர் பெயரையும், அவர்கள் சம்மதத்தின் பேரில், எழுதித் தாருங்கள். பிற மதத்தாரின் வீடுகளை விட்டுவிடவேண்டாம்.